நாற்பத்திரண்டு பல்லும் இருந்தன

போன செவ்வாய்க்கிழமை, மாரண்டஹள்ளியில் சரவணனின் மெக்கானிக் கடையில் ஒரு மணி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரமாகவே என் மோட்டார் சைக்கிளின் செயின் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுவது போலச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. "நீங்க தெருமுனை திரும்பறப்பவே நான் தட்டு எடுத்து வெச்சிர்றேன், அவ்ளோ சத்தம்" என்று என் வீட்டுக்காரி சொன்னாள். அது பாராட்டு அல்ல என்று எனக்குத் தெரியும்.

சரவணன் செயின் கவரைக் கழற்றிவிட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுற்றினான். "செட்டாவே மாத்திரலாங்க சார். செயினும் போச்சு, ரெண்டு ஸ்பிராக்கெட்டும் போச்சு."

அவன் சொல்லி முடிப்பதற்குள் நான் குந்திக்கொண்டு பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுவது என் வியாதி. மாத்திரை அட்டையில் மிச்சம் எத்தனை, மாடிப்படி எத்தனை, பக்கத்து வீட்டு நாய் விடியலில் எத்தனை தரம் குரைத்தது, எல்லாம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் அன்றைக்கு முழுக்க ஏதோ கதவைத் தாழ்போடாமல் வந்துவிட்டது போல இருக்கும்.

"எண்ணிட்டீங்களா சார்?"

"நாப்பத்திரண்டு."

"எல்லாம் இருக்குதுங்களா?" என்று கேட்டுச் சிரித்தான். பிறகு நான் வாக்குவாதத்துக்கு வருவேன் என்று காத்திருந்தான். சென்ற முறை பிரேக் விஷயமாக அவனை இருபது நிமிடம் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டவன் நான்.

"செட்டாவே மாத்திருப்பா" என்றேன்.

"என்ன சார், ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

அவனுக்குப் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். அந்த நாற்பத்திரண்டு என்கிற எண்தான் காரணம். என் முதல் வண்டியின் பின் சக்கரத்திலும் சரியாக நாற்பத்திரண்டு பல் இருந்தன. அந்த எண்ணை நம்பி நான் செய்த காரியம் ஒன்று உண்டு.

அதற்கு முன் ஒரு சந்தேகம். கழற்றிய பழைய செயினை டீசல் தட்டில் போட்டு அலசித் தரையில் நீட்டச் சொன்னேன். பக்கத்தில் புதுச் செயினையும் நீட்டச் சொன்னேன். சரவணன் பெருமூச்சு விட்டான், ஆனால் நீட்டினான். இரண்டிலும் கண்ணிகளை எண்ணினேன். பழையதில் நூற்றுப் பன்னிரண்டு. புதியதிலும் நூற்றுப் பன்னிரண்டு. ஒரு முனையைச் சேர்த்து வைத்தால், மறுமுனையில் பழையது ஒன்றரை விரல் அகலம் நீண்டு கிடந்தது.

எண்ணிக்கை அதேதான், நீளம் மட்டும் கூடியிருக்கிறது. இரும்பு எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சிறு ஊசி, அதைச் சுற்றி ஒரு குழல். இரண்டும் உரசி உரசி மயிரிழை அளவு தேய்கின்றன. ஒரு கண்ணியை மட்டும் எடுத்துப் பார்த்தால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. நூற்றுப் பன்னிரண்டு மயிரிழையும் சேர்ந்தால் ஒன்றரை விரல். இரும்பு குறைந்ததால் செயின் நீண்டிருக்கிறது. எழுபத்து மூன்று வயதிலும் இது எனக்கு அதிசயமாகத்தான் இருக்கிறது. இருபத்தேழு வயதில் தெரிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

டீசலும் கிரீஸும் கலந்த அந்த வாசனை இருக்கிறதே, அது என்னை எப்போதும் அரூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும். அங்கேதான் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்தேன். பெரிய பதவி போலத் தோன்றும். மாட்டுக்கு ஊசி போடுவது, காயத்துக்கு மருந்து கட்டுவது, எத்தனை மாட்டுக்குப் போட்டோம் என்று நோட்டில் எழுதுவது, இவ்வளவுதான். மூன்றாவது வேலையில் எனக்கு நிகர் யாரும் இல்லை. என்னிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. எனக்கு முன் இரண்டு பேர் ஓட்டியது. அதன் பின் சீட்டில் மனிதர்கள் உட்கார்ந்ததைவிட ஐஸ் பிளாஸ்க் உட்கார்ந்ததுதான் அதிகம்.

பிளாஸ்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அகன்ற வாய், நீல நிறம், மூடியில் ஒரு விரிசல். கோமாரித் தடுப்பு மருந்து சூடு பட்டால் கெட்டுவிடும். அதனால் அரூர் ஐஸ் கடையில் விடியற்காலை ஐஸை உடைத்து வாங்கி, உள்ளே போட்டு, நடுவில் மருந்துப் புட்டிகளைச் செருகிக்கொண்டு மலை ஏறுவேன். ஐஸ் துண்டுகளையும் எண்ணுவேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எண்ணினேன்தான்.

சித்தேரிக்கும் அந்தப் பக்கம், மலைக்குள் ஒரு சின்ன ஊர். அறுபத்து மூன்று மாடுகள். அந்த ஊர்க்காரர்கள் ஊசிக்கு மாட்டைக் கட்ட மாட்டார்கள். ஊசி போட்டால் மாடு ஓய்ந்துவிடும், பால் வற்றிவிடும் என்று ஒரு பேச்சு. பொன்னுசாமி என்று ஒருவர் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சாம்பல் நிற மயிலையும் செந்நிறச் செவலையுமாக ஒரு ஜோடி எருது வைத்து, தன் நிலத்தையும் இன்னும் ஆறு பேர் நிலத்தையும் உழுபவர். கீழே சந்தைப் பக்கம் கோமாரி வந்துவிட்டது என்று நான் சொன்னதைக் கேட்டு, அவர்தான் வீடு வீடாகப் போய்ப் பேசினார். கடைசியில் ஊர் ஒப்புக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு. வெள்ளிக்கிழமை காலையில் மாடுகளை மேய்ச்சலுக்கு அவிழ்க்காமல் புளிய மரத்துக் களத்தில் கட்டி வைப்பார்கள். உச்சிப்பொழுது வரைக்கும்தான். அதற்குள் நான் வராவிட்டால் அவிழ்த்துவிடுவார்கள். இனிமேல் ஊசிப் பேச்சை எடுக்கக்கூடாது.

"என் பேச்ச நம்பித்தான் கட்டறாங்க சாரு. என்னைப் பாத்து ஊரே சிரிக்கற மாதிரி வெச்சிராதீங்க" என்றார் பொன்னுசாமி.

வியாழக்கிழமை மாலையே வண்டியை மாணிக்கத்தின் பட்டறையில் விட்டேன். அரூரில் அப்போது நல்ல மெக்கானிக் அவர். செயின் தொங்கித் தொங்கிக் கழன்றுகொண்டிருந்தது. மலைப்பாதையில் அது ஆகாது. முன்ஜாக்கிரதையில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

"செட்டா மாத்தணுங்க சார். செயின் மட்டும் போட்டா ஒத்து வராது" என்றார் மாணிக்கம். "பல்சக்கரம் எங்கிட்ட இல்ல. தருமபுரிலேர்ந்து வரணும். நாளு ஆவும்."

"நாளைக்கு எனக்கு வண்டி வேணுமே. சக்கரத்துக்கு என்ன?"

"பல்லு போச்சுங்க."

நான் குனிந்து எண்ணினேன். இரண்டு முறை. "முன்னால பதினாலு. பின்னால நாப்பத்திரண்டு. எல்லாப் பல்லும் இருக்குதே மாணிக்கம். ஒண்ணு ஒடைஞ்சிருந்தாக் காட்டு, ஒத்துக்கறேன்."

"எண்ணிக்கை சரிதாங்க சார். ஆனா..."

"எண்ணிக்கை சரின்னா அப்புறம் என்ன ஆனா?"

அவர் என்னையும் சக்கரத்தையும் ஒரு முறை பார்த்தார். படித்த ஆளிடம் வாய் கொடுக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார். புதுச் செயினை மட்டும் மாட்டிக் கொடுத்தார். பழைய செயினை நான் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். எதையும் தூக்கிப் போடாத குணம் எனக்கு. என் வீட்டுப் பரணைப் பார்த்தால் தெரியும்.

மறுநாள் சமவெளி வரைக்கும் வண்டி பட்டுப் போலப் போனது. மலையில் மூன்றாவது வளைவு. ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். 'டக்'கென்று காலுக்கடியில் யாரோ உதைத்தது போல ஒரு குலுக்கல். இன்னொரு டக். எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. செயின் பல்லின் மேல் ஏறி ஏறிக் குதிக்கிறது. மணி ஒன்பதே முக்கால். ஊருக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர்.

புத்தியுள்ளவன் அப்போதே பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பான். இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? செயின் தளர்ந்திருக்கிறது என்று நினைத்து, பின் சக்கரத்தைத் தளர்த்தி, இழுத்து, முடுக்கினேன். நூறடி போனேன். டக். மறுபடி முடுக்கினேன். டக். பிறகு அதிகமாக முடுக்கிவிட்டோமோ என்று தளர்த்தினேன். இப்படி ஐந்து முறை. நடுநடுவே பல்லை எண்ணிப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் நாற்பத்திரண்டு.

பதினொன்று அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மேலேயிருந்து பொன்னுசாமி நடந்து வந்தார். தோளில் துண்டு, கையில் ஒரு குச்சி. நான் வரவில்லையே என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார்.

"என்னாங்க சாரு, வண்டி படுத்துக்கிச்சா?"

"செயின் ஏறிக் குதிக்குது பொன்னுசாமி. புதுச் செயின். நேத்துதான் போட்டது."

"பல்லு போயிருக்கும்."

"எண்ணிட்டேனுங்க. நாப்பத்திரண்டு. ஒண்ணுகூடக் குறையல."

அவர் குந்தினார். சக்கரத்தை மெதுவாகச் சுற்றவிட்டு, ஒவ்வொரு பல்லாகக் கட்டைவிரலால் தடவினார். பிறகு சிரித்தார். அந்த நிலைமையில் எனக்குச் சுரீரென்றது.

"ஏனுங்க சாரு, சந்தைல ஒருத்தன் மாட்டு வாயத் தொறந்து, 'இந்தா பாரு, எட்டுப் பல்லும் இருக்குது'ன்னு காட்டினா, எளங்காளைன்னு வாங்கியாந்துருவீங்களா?"

மாட்டின் வயதைப் பல்லைப் பார்த்துச் சொல்வது என் தொழில். கீழ்வரிசையில் இரண்டு பல் விழுந்து முளைத்தால் இந்த வயது, நாலு என்றால் இந்த வயது, ஆறு, எட்டு. எட்டும் சேர்ந்த பிறகு எண்ணிக்கைக்கு வேலையில்லை. அதற்கு மேல் தேய்மானத்தைத்தான் பார்க்க வேண்டும். கிழட்டு மாட்டுக்கும் எட்டுத்தான். இது எனக்குப் பாடமாக நடத்தப்பட்டது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

"தொட்டுப் பாருங்க" என்றார்.

தொட்டேன். ஒரு பல்கூட நேராக இல்லை. ஒரு பக்கம் முழுக்கத் தின்னப்பட்டு, எல்லாம் ஒரே திசையில் கொக்கி போலச் சாய்ந்திருந்தன. எத்தனை முறை எண்ணினேன்! ஒரு முறைகூட வடிவத்தைப் பார்க்கவில்லை.

"பழைய செயினு எங்கீங்க, தூக்கிப் போட்டாச்சா?"

"பையில இருக்கு."

"அதும் தேஞ்சது, இதும் தேஞ்சது. ரெண்டும் சேந்தே தேஞ்சதுங்க. அதையே மாட்டிப் பாருங்களேன்."

வண்டியே ஓட்டாத மனிதருக்கு இது எப்படித் தோன்றியது என்று எனக்கு ஒரே வியப்பு. அவசரத்திலும் கேட்டுவிட்டேன். "கழுத்துக்குத் தக்கனதான் நொவத்தடி தேயும். பழைய நொவத்தடில புது மாட்டப் பூட்டினா நாலு நாளு தலைய ஆட்டிக்கிட்டே கெடக்கும். அதாட்டம்தான் இதுவும்" என்றார். நுகத்தடியும் செயினும் ஒன்றா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுதான். புதுக் கண்ணிகளின் இடைவெளிக்கும் தேய்ந்த பல்லின் இடைவெளிக்கும் பொருந்தவில்லை. பழையது நீண்டிருந்தது, அந்தப் பல்லோடு சேர்ந்தே நீண்டிருந்தது.

செயினின் முனைகளைப் பூட்டும் லாக்கைக் கழற்றி, பழையதையே மாட்டினோம். பதினொன்று இருபத்தைந்து. பொன்னுசாமி பின்னால் ஏறி பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டார். வண்டி ஏற்றம் ஏறியது. டக் இல்லை. தொங்கிய செயின் வழியில் மூன்று முறை கழன்றது. மூன்று முறையும் அவரே குச்சியால் எடுத்து மாட்டினார். ஒவ்வொரு முறையும் பிளாஸ்க்கைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார். "ஐஸு இன்னும் பேசுதுங்க சாரு, போலாம்."

களத்துக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டே கால். நாற்பத்தொரு மாடுகள் கட்டியிருந்தன. இருபத்திரண்டு முளைக்குச்சிகள் வெறுமையாக நின்றன. அவிழ்த்தவர்கள் அவிழ்த்துக்கொண்டு காட்டுக்குள் போயிருந்தார்கள். நான் எண்ணி முடிப்பதற்குள் பொன்னுசாமி பார்த்துவிட்டார். அந்த வெறும் குச்சிகளில் இரண்டு அவருடையவை.

அவர் மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"நான் வர்ற வரைக்கும் அவுக்காதன்னு சொன்னேன் இல்ல?" என்றார் பொன்னுசாமி.

"எவ்ளோ நேரம் வெச்சிருக்கறது? பசில கத்துதுங்க. உம் புருசன் சாரோட ஓடிட்டாருடின்னு எல்லாம் கேலி பேசறாங்க. உச்சி சாஞ்சிச்சு, அவுத்துட்டேன். கேக்கறதுன்னா உங்க சாரக் கேளுங்க."

என்னை யாரும் கேட்கவில்லை. நாற்பத்தொரு மாடுகளுக்கும் ஊசி போட்டு முடித்தேன். விட்டுப்போன இருபத்திரண்டுக்கும் அடுத்த வாரம் வந்து போடுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். "வாங்க சாரு. என் ஜோடிய வூட்டுலயே கட்டி வெக்கறேன்" என்றார் பொன்னுசாமி.

அடுத்த வாரம் நான் போகவில்லை. மாணிக்கம் தருமபுரிக்குச் சொல்லி அனுப்பிய பல்சக்கரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் பின் சக்கரம் வந்தது, முன் சக்கரம் வரவில்லை. இந்த முறை செட்டாகத்தான் மாற்றுவேன் என்று நான் உறுதியாக இருந்தேன். மலைக்கு ஒரு பஸ் போய்க்கொண்டுதான் இருந்தது. பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு அதில் ஏறியிருக்கலாம். அது எனக்கு அப்போது தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. பஸ் நெரிசலில் மூடி விரிசல் விட்ட பிளாஸ்க் என்ன ஆகும், திரும்பி வர எத்தனை மணி ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே பத்தொன்பது நாளைக் கழித்தேன்.

பத்தொன்பதாம் நாள் புதுச் செயின், புதுப் பல்சக்கரங்களோடு சத்தமே இல்லாமல் மலை ஏறினேன். கோமாரி எனக்கு முன்னாலேயே ஏறியிருந்தது. ஊசி போட்ட நாற்பத்தொன்றில் ஒன்றின் வாயிலும் நுரை இல்லை. போடாத இருபத்திரண்டில் ஒன்பது படுத்திருந்தன. செவலை அவற்றில் ஒன்று. அதன் முன்னங்காலில் குளம்பு விட்டுப் போயிருந்தது. பொன்னுசாமி வேப்பெண்ணெயில் துணியை நனைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். உழவுக்குப் பதம் வந்திருந்த நேரம் அது.

நான் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து வந்து, வண்டியின் பக்கத்தில் குந்தி, புதுச் சக்கரத்தின் பல்லைக் கட்டைவிரலால் ஒரு சுற்று தடவினார்.

"பல்லு மாத்திட்டீங்க போல."

"மாத்திட்டேனுங்க."

"இப்பதான் எளசா இருக்குது" என்றார். அவ்வளவுதான். பிறகு, மற்றவர்களுடைய மாடுகளைப் பிடித்துக்கொண்டு வர அவரே போனார். மீதிப் பதின்மூன்றுக்கும் போட்டேன். மயிலைக்கும் சேர்த்துத்தான். மயிலையை அவரே பிடித்துக்கொண்டார். நான் முகத்தைப் பார்க்காமல் போட்டுவிட்டு நோட்டில் எழுதினேன்.

செவலை பிழைத்தது; ஏர் இழுக்கவில்லை. அந்தப் பருவம் யாரோ ஒருவரின் எருதை இரவல் வாங்கி மயிலையோடு பூட்டினார். அது தலையை ஆட்டிக்கொண்டே இருந்ததாம். மறு வருடம் நான் போனபோது, சொல்லி அனுப்பாமலே களத்தில் அறுபத்தெட்டு மாடுகள் கட்டியிருந்தன. உச்சி சாய்ந்த பிறகும் ஒருவரும் அவிழ்க்கவில்லை. மேலதிகாரி என்னைப் பாராட்டினார். அந்த அறுபத்தெட்டுக்கும் காரணம் நொண்டிக்கொண்டு நின்ற ஒரு செவலைதான் என்று நோட்டில் எழுத இடம் இல்லை.

சரவணன் வேலையை முடித்துவிட்டு, "பழைய செயினு வேணுங்களா சார்?" என்றான். வேண்டும் என்றேன். அவனுக்கு அதுவும் புதிர். இப்போதெல்லாம் செயினும் இரண்டு சக்கரங்களும் ஒரே பெட்டியில் வருகின்றன. ஒன்றை மாற்றி மற்றதை விடலாமா என்கிற கேள்விக்கே இடமில்லை. நல்லதுதான். என்னைப் போன்றவர்களுக்காகத்தான் அந்தப் பெட்டியைச் செய்திருக்கிறார்கள்.

போன தை மாதம் மலை பஸ்ஸில் ஏறி அந்த ஊருக்குப் போனேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது போய். வளைவுகளை எண்ணிக்கொண்டே போனேன். ஒன்று குறைந்திருந்தது, பாதையை நேராக்கியிருக்கிறார்கள். பொன்னுசாமி போய்ப் பன்னிரண்டு வருடமாம். பால் மாடுகள் ஏழு பார்த்தேன். ஒவ்வொன்றின் காதிலும் மஞ்சள் வில்லை, வில்லைக்குப் பன்னிரண்டு இலக்கம். யார் எப்போது ஊசி போட்டார்கள் என்பதெல்லாம் அந்த எண்ணில் இருக்குமாம். எருது ஒன்றுகூட இல்லை. உழவெல்லாம் டிராக்டர். ஜோடி என்று சொல்ல அந்த ஊரில் எதுவும் இல்லை.

புளிய மரம் இருக்கிறது. களத்தில் சிமெண்டு போட்டிருக்கிறார்கள். அன்று வரிசையாக மாடுகள் நின்ற இடத்தில் பதினாலு மோட்டார் சைக்கிள்கள் சாய்ந்து நின்றன. எட்டில் செயினை உறை மூடியிருந்தது. ஆறில் பல் தெரிந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு முதல் வண்டியின் பக்கத்தில் குந்தினேன்.

தண்ணீர்க் குடத்தோடு போன ஒரு பெண் நின்றாள். "என்னாங்க தாத்தா, வண்டிக்கு அடில என்னா தேடறீங்க?"

"பல்லு பாக்கறேம்மா."

"பல்லா? எத்தனை இருக்குதுங்க?"

கட்டைவிரல் கறுத்துப் போயிருந்தது. வேட்டியில் துடைக்கப் போனவன் நிறுத்திக்கொண்டேன்.

"எண்ணலம்மா" என்றேன்.